அமைவுக் கோப்பு எங்கே இருக்கிறது? மீன் கமிஷன் கடைக்கு எந்தத் தரவுத்தளம்

ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில் மீன் கமிஷன் கடை நடத்தும் அக்கா ஒருவர் சனிக்கிழமைதோறும் பென்டிரைவைச் செருகி, 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறைக்குள் இருந்த 'மைஎஸ்க்யூஎல்' என்ற தரவுத்தள மென்பொருளின் கோப்புறையை முழுதாக நகலெடுப்பார். அதை வீட்டு அலமாரியில் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பார். மூன்று ஆண்டுகள் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. ஒரு மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடையைத் திறந்த அன்று கம்ப்யூட்டர் எழும்பவில்லை. பழுது பார்க்க வந்தவர், நகல்தான் இருக்கிறதே என்று ஹார்டு டிஸ்க்கைத் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். அதன் பிறகுதான் என்னை அழைத்தார்கள். பென்டிரைவைத் திறந்து பார்த்தேன். மைஎஸ்க்யூஎல் மென்பொருள் அதில் பத்திரமாக இருந்தது. எந்தப் படகுக்கு எவ்வளவு முன்பணம் கொடுத்தார், எவ்வளவு கழிந்தது, எந்த வியாபாரி எவ்வளவு பாக்கி என்ற கணக்கில் ஒரு வரிகூட இல்லை.

"எல்லாவற்றையும்தான் எடுத்து வைத்தேனே தம்பி" என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

கணக்கு இருந்த இடம் சி டிரைவில் உள்ள 'புரோகிராம் டேட்டா' என்ற வேறொரு கோப்புறை. விண்டோஸ் அதைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்தே வைத்திருக்கும். தரவுத்தளம் எப்படி நடக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கும் அமைவுக் கோப்பும் அங்கேதான், தரவும் அங்கேதான். கடலுக்குப் போகும் முன் டீசலுக்கும் ஐஸுக்கும் வலைக்கும் பணம் கொடுத்து, பிடித்து வரும் மீனைத் தன் கடை வழியே ஏலம் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொள்வதுதான் கமிஷன் கடைத் தொழில். அந்தக் கழிவுக் கணக்கு போனால் கடையே போன மாதிரி. துண்டுச் சீட்டுகளையும் சம்மாட்டிகள், அதாவது படகுக்காரர்கள், சொன்ன சொல்லையும் வைத்து இரண்டு மாதம் உட்கார்ந்து மீட்டோம். இரண்டு படகுகளின் கணக்கு இன்றுவரை தீரவில்லை.

அதற்குப் பிறகு மண்டபம், பாம்பன், தேவிபட்டினம் பக்கத்துக் கடைக்காரர்களும் ஐஸ் கம்பெனிக்காரர்களும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: எதைப் போடலாம்? நான் பார்த்த வழிகளை இங்கே எடைபோட்டு எழுதுகிறேன்.

எடைக்கல் எது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வேகத்தை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. விடியற்காலை ஏலத்தில் நூறு பில் போடும் கடைக்கு எந்தத் தரவுத்தளமும் மூச்சு வாங்காது. நம் கரையின் தொல்லை வேறு. உப்புக் காற்று மதர்போர்டைத் தின்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் கடையைப் பூட்டிவிட்டுப் போகிறோம். சூடே ஏறாமல் கிடக்கும் இயந்திரத்துக்குள் ஈரம் இறங்குகிறது. திறக்கும் நாளில் ஏதாவது ஒரு கடையில் ஒன்று எழும்பாமல் போவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். கம்ப்யூட்டர் செத்துப்போய், அதை நிறுவிக் கொடுத்தவரும் ஊரில் இல்லாத நாளில், கடையில் இருக்கும் ஒருவர் தரவும் அமைவும் எங்கே இருக்கின்றன என்று தானே கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு போக முடியுமா?

மென்பொருளைக் கம்ப்யூட்டரில் பதித்துத் தரும் 'நிறுவி' என்ற நிரல்மேல் பழி போடுவதற்கு முன் அதன் நியாயத்தையும் சொல்ல வேண்டும். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்பது மென்பொருளுக்கு மட்டுமான இடமாக இறுகிவிட்டது. சாதாரணப் பயனர் உரிமையில் ஓடும் எதுவும் அங்கே எழுத முடியாது. மாறிக்கொண்டே இருக்கும் தரவு 'புரோகிராம் டேட்டா'வுக்குப் போக வேண்டும் என்பது அந்த இயங்குதளத்தின் விதி. மைஎஸ்க்யூஎல் நிறுவி அந்த விதிப்படிதான் நடக்கிறது. என் கோபமெல்லாம், ஒரு கடையின் உயிரை வைக்கும் இடத்தை அது உரக்கச் சொல்வதில்லை என்பதில்தான். 'அடுத்து', 'அடுத்து' என்று அழுத்திக்கொண்டே போனால் அந்த முகவரி கண்ணில் படாமலே நிறுவல் முடிந்துவிடும்.

மைஎஸ்க்யூஎல்லை அப்படியே விட்டுவிட்டு, இடத்தைத் தெரிந்து வைத்துக்கொள்வது முதல் வழி. நம் பக்கத்து பில் மென்பொருள்களில் பல இதை நம்பியே எழுதப்பட்டவை. அதனால் பல கடைகளுக்கு இதைத் தவிர வேறு வழியும் இல்லை. 8.0 பதிப்பை வழக்கப்படி நிறுவினால் மென்பொருள் 'புரோகிராம் ஃபைல்ஸ்'க்குள்ளும், 'மை.ஐஎன்ஐ' என்ற அமைவுக் கோப்பும் 'டேட்டா' கோப்புறையும் 'புரோகிராம் டேட்டா'வுக்குள்ளும் போகும். பழைய பதிப்புகளுக்கு எழுதப்பட்ட குறிப்புகள் மென்பொருள் கோப்புறைக்குள்ளேயே 'மை.ஐஎன்ஐ' இருப்பதாகச் சொல்லும். அதைப் படித்துவிட்டு அங்கே தேடுகிறவர், காணவில்லையே என்று தானே ஒன்றை உருவாக்குவார். பத்து முறை திருத்துவார், பின்னணியில் தரவுத்தளத்தை ஓட்டும் சர்வீஸைப் பத்து முறை நிறுத்தித் தொடங்குவார். எதுவும் மாறாது. ஏனென்றால் நிறுவி, விண்டோஸ் சர்வீஸைப் பதிவு செய்யும்போதே எந்தக் கோப்பைப் படிக்க வேண்டும் என்று கட்டளை வரியில் முகவரியோடு எழுதிவிடுகிறது. அப்படி எழுதப்பட்டிருந்தால் வேறெங்கே 'மை.ஐஎன்ஐ' வைத்தாலும் சர்வர், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தள நிரல், திரும்பிப் பார்க்காது.

அந்தக் கட்டளை வரிதான் நம் கைவிளக்கு. 'சர்வீசஸ்' பட்டியலைத் திறந்து, மைஎஸ்க்யூஎல்80 என்பதன் பண்புகளைப் பார்த்தால் இயங்கும் கோப்பின் முகவரி ஒரு நீண்ட வரியாக இருக்கும். அதற்குள் 'டிஃபால்ட்ஸ்-ஃபைல்' என்ற சொல்லுக்குப் பின்னால் வருவது எதுவோ, அதுதான் உண்மையான அமைவுக் கோப்பு. ஊகிக்க வேண்டியதே இல்லை. அந்தச் சொல் வரியில் இல்லாவிட்டால்தான் தேடும் வரிசை வேலைக்கு வருகிறது: முதலில் விண்டோஸ் கோப்புறை, அடுத்து சி டிரைவின் வேர், பிறகு மென்பொருள் நிறுவிய கோப்புறை. கிடைத்த எல்லாவற்றையும் சர்வர் படிக்கும். ஒரே அமைவு இரண்டு இடத்தில் இருந்தால் பின்னால் படித்ததே செல்லும். தரவு இருக்கும் இடத்தை அறிய, சர்வருக்குள் நுழைந்து 'செலக்ட் @@டேட்டாடிர்' என்று கேட்டால் போதும். 8.0இல் இன்னொரு நல்ல வசதி உண்டு. 'பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமா'வில் உள்ள 'வேரியபிள்ஸ்_இன்ஃபோ' அட்டவணை, ஒவ்வோர் அமைவும் எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று முகவரியோடு காட்டும்.

இங்கே மூன்று பள்ளங்களை நானே பார்த்திருக்கிறேன். விண்டோஸ் கோப்பின் வால்பெயரை மறைப்பதால், நோட்பேடில் சேமித்த கோப்பு உண்மையில் 'மை.ஐஎன்ஐ.டிஎக்ஸ்டி' ஆகியிருக்கும். பழைய விண்டோஸில் நோட்பேடு, யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமிக்கும்போது கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைச் சேர்க்கும். அதைக் கண்டதும் மைஎஸ்க்யூஎல் முதல் வரியிலேயே முறுக்கிக்கொள்ளும், சர்வீஸ் தொடங்காது. மூன்றாவது, 'செட் பெர்சிஸ்ட்' கட்டளையால் யாராவது ஓர் அமைவை மாற்றியிருந்தால் அது தரவுக் கோப்புறைக்குள் 'மைஎஸ்க்யூஎல்டி-ஆட்டோ.சிஎன்எஃப்' என்ற கோப்பில் போய் உட்காரும். அது கடைசியாகப் படிக்கப்படுவதால் 'மை.ஐஎன்ஐ'யில் எழுதியதை மிஞ்சிவிடும். 8.0 பதிப்புக்கான ஆதரவு 2026 ஏப்ரல் வரைதான் என்பதையும் கணக்கில் வையுங்கள். புதிதாகப் போடுகிறவர்கள் 8.4க்குப் போவது நல்லது.

இரண்டாவது வழி, அதே மைஎஸ்க்யூஎல்லை வைத்துக்கொண்டு தரவை மட்டும் டி டிரைவில் பளிச்சென்று தெரியும் ஒரு கோப்புறைக்கு மாற்றுவது. கேட்பதற்கு அழகாக இருக்கும். மூன்று கடைகளில் செய்திருக்கிறேன், இனி நானாகப் பரிந்துரைக்க மாட்டேன். சர்வீஸை நிறுத்தி, 'டேட்டா' கோப்புறையை நகலெடுத்து, 'மை.ஐஎன்ஐ'யில் 'டேட்டாடிர்' வரியைத் திருத்த வேண்டும். அந்த வரியில் விண்டோஸ் வழக்கப்படி பின்சாய்கோடு போட்டால் வினை. பின்சாய்கோட்டுக்கு அடுத்த எழுத்து ஆங்கில 'டேப்' என்ற சொல்லின் முதல் எழுத்தாக இருந்துவிட்டால் இரண்டும் சேர்ந்து டேப் இடைவெளியாகப் படிக்கப்படும். 'தரவு' என்று தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் வைக்கிற நம்மவர்களுக்கே இது அதிகம் நேரும். முன்சாய்கோடு போட்டால் தப்பிக்கலாம். அதன்பின் அந்தப் புதிய கோப்புறையில் எழுத, சர்வீஸ் ஓடும் 'நெட்வொர்க் சர்வீஸ்' கணக்குக்கு உரிமை தர வேண்டும். இத்தனையும் செய்து முடித்த பின்பும் அமைவுக் கோப்பு பழைய மறைவிடத்திலேயே கிடக்கும், தரவு மட்டும் வெளியே வந்திருக்கும். அடுத்து வருகிறவர் இரண்டு இடங்களைத் தேட வேண்டும். என் எடைக்கல்லில் இது தோற்கிறது.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது: விண்டோஸிலேயே போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளம். நிறுவும்போதே தரவுக் கோப்புறை எது என்று தனிப் பக்கத்தில் நேராகக் கேட்கும். ஒன்றும் மாற்றாமல் போனால் 'புரோகிராம் ஃபைல்ஸ்'க்குள் பதிப்பு எண் போட்ட கோப்புறையில் 'டேட்டா' என்று வைத்துக்கொள்ளும். மறைந்த கோப்புறை இல்லை. டி டிரைவில் ஓர் இடத்தைச் சொன்னால் அங்கேயே உரிமைகளோடு அமைத்துக்கொள்ளும். முக்கியமானது இதுதான்: தரவு, 'போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.கான்ஃப்', எந்தக் கம்ப்யூட்டர் உள்ளே வரலாம் என்று சொல்லும் 'பிஜி_எச்பிஏ.கான்ஃப்', பிழைப் பதிவுகள் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும். ஐஸ் பெட்டியைத் திறந்தால் மீனும் ஐஸும் ஒன்றாக இருப்பதைப் போல.

எங்கே என்று தெரியாவிட்டாலும் அதனிடமே கேட்கலாம். 'ஷோ கான்ஃபிக்_ஃபைல்' என்றால் அமைவுக் கோப்பின் முழு முகவரியைச் சொல்லும். 'ஷோ டேட்டா_டைரக்டரி' தரவின் முகவரியைச் சொல்லும். 'பிஜி_செட்டிங்ஸ்' பார்வையில் ஒவ்வோர் அமைவும் எந்தக் கோப்பின் எத்தனையாவது வரியிலிருந்து வந்தது என்பதுவரை இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரிடமே அதன் வீட்டு முகவரியைக் கேட்டுப் பெறும் இந்த நேர்மைக்காகவே நான் போஸ்ட்கிரெஸ் பக்கம் சாய்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. 9.4 பதிப்பிலிருந்து 'ஆல்டர் சிஸ்டம்' கட்டளையால் மாற்றியது 'போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.ஆட்டோ.கான்ஃப்' என்ற தனிக் கோப்பில் எழுதப்படுகிறது. கையால் திருத்திய கோப்பை அது மிஞ்சும். இதைவிடப் பெரிய சிக்கல் பதிப்பு மாற்றம். ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு வருகிறது, ஒவ்வொன்றுக்கும் 5 ஆண்டு ஆதரவு. 16 இருக்கும் கம்ப்யூட்டரில் 17ஐப் போட்டால் அது பழையதைத் தொடாமல் தனிக் கோப்புறையில், தனி அமைவுக் கோப்போடு, பெரும்பாலும் 5432க்குப் பதில் 5433 என்ற போர்ட்டில் (பில் மென்பொருள் சர்வரோடு பேச நுழையும் வாசல் எண்) உட்காரும். பில் மென்பொருள் பழையதோடு பேசிக்கொண்டிருக்க, நாம் புதியதன் கோப்பைத் திருத்திக்கொண்டிருப்போம். பழையதை நீக்காமல் புதியதைப் போடாதீர்கள் என்று சொல்லவும் முடியாது, தரவை மாற்றும்வரை இரண்டும் வேண்டும். மாற்றி முடித்த அன்றே பழைய சர்வீஸை நிறுத்திவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

நான்காவது, சின்ன லினக்ஸ் இயந்திரம். டெபியன் அல்லது உபுண்டுவில் போஸ்ட்கிரெஸ் போட்டால் அமைவுக் கோப்புகள் 'ஈடிசி' அடைவுக்குள் பதிப்பு எண், 'மெயின்' என்ற வரிசையில் இருக்கும். தரவு 'வார்' அடைவின் 'லிப்' பகுதிக்குள் இருக்கும். லினக்ஸ் உலகில் இது நெடுநாள் ஒழுங்கு, அமைவுக்கு ஓர் இடம், மாறும் தரவுக்கு ஓர் இடம். பழகியவருக்கு இதைவிட எளிது வேறில்லை. 'பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ்' என்று தட்டினால் பதிப்பு, போர்ட், தரவின் இடம், பதிவின் இடம் எல்லாம் ஒரே வரியில் வந்துவிடும். ஆனால் ரெட் ஹாட் வழி வந்த லினக்ஸ்களில் அமைவுக் கோப்பு தரவுக் கோப்புறைக்குள்ளேயே இருக்கும். ஒன்றுக்கு எழுதிய குறிப்பை இன்னொன்றில் செய்து பார்ப்பவர், கோப்பே இல்லாத இடத்தில் கோப்பைத் தேடுவார். தரவுக் கோப்புறையை மட்டும் நகலெடுக்கிறவர் டெபியனில் அமைவுகளை விட்டுவிடுவார். தங்கச்சிமடம் அக்காவுக்கு நேர்ந்ததன் மறுபுறம் இது. மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனிக்கு இதைத்தான் போட்டுக் கொடுத்தேன். அங்கே கணக்குப் பார்க்கும் பையன் கல்லூரியில் லினக்ஸ் படித்தவன். அப்படி ஒருவர் கடையில் நிலையாக இருந்தால் தயங்காமல் போடலாம். இல்லாத கடைக்கு நான் போட்டுக் கொடுக்க மாட்டேன்.

ஐந்தாவது, எஸ்க்யூலைட். சர்வரும் இல்லை, சர்வீஸும் இல்லை, அமைவுக் கோப்பும் இல்லை. ஒரே ஒரு கோப்பு, அதுவே தரவுத்தளம். 2000ஆம் ஆண்டு ரிச்சர்ட் ஹிப் எழுதியது, இன்று ஒவ்வொரு கைப்பேசிக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒற்றைக் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் கருவாட்டுக் கடை, கடல்பாசி எடை போட்டு வாங்கும் இடம் போன்றவற்றுக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம். என் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இல்லை: எங்கே இருக்கிறது? இந்தக் கோப்பு. அவ்வளவுதான். இரண்டு எச்சரிக்கை உண்டு. பில் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கோப்பை அப்படியே நகலெடுக்கக் கூடாது. மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதி வைக்கும் 'டபிள்யூஏஎல்' முறையில் பக்கத்தில் இன்னும் இரண்டு துணைக் கோப்புகள் இருக்கும், அவற்றை விட்டால் கடைசிப் பில்கள் போகலாம். அதற்கென்று இருக்கும் 'பேக்கப்' கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். இரண்டாவது, அந்தக் கோப்பைப் பகிர்ந்த கோப்புறையில் வைத்து இரண்டு கம்ப்யூட்டரிலிருந்து எழுதாதீர்கள். நெட்வொர்க் வழியே கோப்புப் பூட்டு சரியாக நிற்காது, தரவு கெடும்.

எக்ஸாம்ப் போன்ற கூட்டுப் பொதியை யாராவது உங்கள் கடையில் போட்டுவிட்டுப் போயிருந்தால், அதன் 'மை.ஐஎன்ஐ' மைஎஸ்க்யூஎல்லின் 'பின்' கோப்புறைக்குள் இருக்கும். அது மென்பொருள் எழுதுவோர் சோதித்துப் பார்க்க வந்தது. எல்லா உரிமையும் உள்ள 'ரூட்' பயனருக்குக் கடவுச்சொல்லே இல்லாமல் திறந்து கிடக்கும். கடைக் கணக்கை அதில் வைக்காதீர்கள்.

எதைப் போட்டாலும் கோப்புறையை நகலெடுப்பது காப்பு ஆகாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் கோப்புறையை நகலெடுத்தால் பாதி எழுதிய பக்கங்களும் சேர்ந்து வரும். மைஎஸ்க்யூஎல்லில் 'மைஎஸ்க்யூஎல்டம்ப்', போஸ்ட்கிரெஸில் 'பிஜி_டம்ப்' என்று தரவை ஒரே கோப்பாக எழுதித் தரும் கருவிகள் உண்டு. பயனர்களும் கடவுச்சொற்களும் வேண்டுமென்றால் 'பிஜி_டம்ப்ஆல்'. இவை எதுவும் அமைவுக் கோப்புகளை எடுத்துத் தராது. அவை இருக்கும் இடம் தெரிந்தால்தான் நாமே எடுத்துப் பக்கத்தில் வைக்க முடியும்.

தங்கச்சிமடம் கடைக்கு மூன்றாவது வழியைத் தேர்ந்தோம். கடையில் ஒன்று, ஐஸ் வைக்கும் இடத்தில் ஒன்று என்று இரண்டு கம்ப்யூட்டர் இருந்ததால் எஸ்க்யூலைட் ஒத்துவரவில்லை. லினக்ஸ் தெரிந்தவர் யாரும் இல்லை. பில் மென்பொருளை எழுதியவர் போஸ்ட்கிரெஸுக்கும் சேர்த்தே எழுதியிருந்தது எங்கள் நல்ல காலம். டி டிரைவில் கடைப் பெயரிலேயே ஒரு கோப்புறை வைத்து எல்லாவற்றையும் அதற்குள் போட்டோம்.

அடுத்த தடைக்காலத்தில், மே மாதம், பாம்பனில் ஒரு பழைய மடிக்கணினியை எடுத்து வைத்து அக்காவின் மகளைக் கூப்பிட்டேன். கல்லூரியில் வணிகவியல் படிக்கிறாள். "நான் வாயைத் திறக்க மாட்டேன், பென்டிரைவில் இருப்பதை வைத்துக் கடையை ஓட வை பாப்பா" என்றேன். போஸ்ட்கிரெஸைப் போட்டாள், தரவைத் திருப்பி ஏற்றினாள், படகுக் கணக்கு முழுதும் வந்தது. ஐஸ் இடத்துக் கம்ப்யூட்டர் மட்டும் உள்ளே வர முடியாமல் நின்றது. பத்து நிமிடம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "மாமா, உள்ளே விடும் கோப்பு இதில் வரவில்லை" என்றாள். 'பிஜி_எச்பிஏ.கான்ஃப்' கோப்பைத்தான் சொன்னாள். அதை எடுத்து வைக்கச் சொல்ல நான் மறந்திருந்தேன்.

அலமாரிக் கதவின் உட்புறத்தில் அக்கா ஒட்டி வைத்திருக்கும் தாளில் நான் எழுதிக் கொடுத்தவை மூன்று வரிகள்: சர்வரின் பெயரும் பதிப்பும், தரவு இருக்கும் கோப்புறை, சனிக்கிழமை ஓட்ட வேண்டிய கட்டளை. நான்காவது வரி, அந்த அமைவுக் கோப்புகள் இரண்டையும் நகலெடுக்கச் சொல்வது, மகளின் கையெழுத்தில் இருக்கிறது.